எதிர்நியூத்திரினோ பற்றிய ஒரு வரி: பௌதிகவியல் கைந்நூல் ஆக்குவோருக்குத் திறந்த மடல்

யாழ்ப்பாணம்

மதிப்புக்குரிய ஆசிரியப் பெருந்தகைகளே,

தமிழ்மொழி மூலம் உயர்தரப் பௌதிகவியலுக்குக் கைந்நூல்களும் மாதிரி வினாத்தாள்களும் ஆக்குகின்ற உங்களுக்கு, இங்கே நெடுங்காலம் அதே பாடத்தைக் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவன் எழுதுவது. அயல்வீட்டுப் பிள்ளை கொண்டுவந்த கைந்நூலொன்றில், கருவொன்று இலத்திரனையும் எதிர்நியூத்திரினோ என்னும் நுண்துணிக்கையையும் வெளிவிடுகின்ற பீற்றாத் தேய்வின் கீழ், "எதிர்நியூத்திரினோ: ஏற்றமும் திணிவும் அற்றது, எதனோடும் தாக்கம் புரியாது" என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அதை மனனம் செய்திருந்த பிள்ளை, "எதனோடும் தாக்கம் புரியாதெண்டால் அது இருக்கெண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சவை, சேர்?" என்று கேட்டாள். ஏற்றம் இல்லை என்பது மட்டுமே அந்த வரியில் சரி.

தாக்கம் அரிது, ஆனால் உண்டு. எதிர்நியூத்திரினோ ஒரு புரோத்தனில் மோதினால் பொசித்திரனும் (நேரேற்றமுள்ள எதிர்-இலத்திரன்) நியூத்திரனும் பிறக்கும். 1956இல் பௌதிகவியலாளர்களான ரெயின்சும் கோவனும் அணுவுலை ஒன்றின் அருகே இந்தத் தாக்கத்தைத்தான் பிடித்தார்கள். துணிக்கை பட்டால் மினுங்கும் எண்ணெய் நிறைந்த தொட்டியில் இது நிகழும்போது, பொசித்திரன் உடனே ஒரு மினுக்கத்தைத் தருகிறது. நியூத்திரனோ அங்குமிங்கும் மோதித் தன் வேகத்தை இழந்து, ஏறத்தாழ 200 மைக்குரோசெக்கன் கழித்து ஓர் ஐதரசன் கருவால் கவரப்பட்டு இரண்டாவது மினுக்கத்தைத் தருகிறது. கிட்டத்தட்ட ஒரே இடத்தில் அடுத்தடுத்து வருகின்ற இந்தச் சோடியைத் தேடுவதனாலேயே, பாறையும் காற்றும் தருகின்ற ஓயாத கதிர்வீச்சுக்கு நடுவிலும் எதிர்நியூத்திரினோவை எண்ண முடிகிறது.

திணிவற்றது என்பது இதைவிடப் பெரிய பிழை. அதை விளக்க உங்களுக்குப் புதிய உபகரணம் எதுவும் வேண்டாம். அடிப்புப் பாடத்துக்கு எடுக்கும் இரண்டு இசைக்கவைகள் போதும். இரண்டும் ஒரே மீடிறன் கொண்டவையாயின் ஒலி ஏற்ற இறக்கமின்றி ஒலிக்கும். ஒன்றின் புயத்தில் சிறிது மெழுகை ஒட்டிவிட்டால் ஒலி எழுந்தெழுந்து தணியும். எதிர்நியூத்திரினோவில் மூன்று வகைகள் உண்டு. அணுவுலையில் பிறக்கும் இலத்திரன் வகை எதிர்நியூத்திரினோ, திணிவால் வேறுபட்ட மூன்று நிலைகளின் மேற்பொருந்துகை, அதாவது ஒன்றன்மேலொன்று சேர்ந்த கலவை. செல்லச் செல்ல அந்நிலைகளின் அவத்தைகள் பிசகுவதால், அது இலத்திரன் வகையாகவே காணப்படும் நிகழ்தகவு தூரத்தோடு கூடிக் குறைகிறது. மூன்று திணிவுகளும் பூச்சியமாயின் இந்த அலைவே இராது. வகைமாறியவற்றுக்கு, இலத்திரனைப் போன்ற ஆனால் மிகப் பாரமான துணிக்கையாகிய மியூவனை ஆக்கப் போதிய சக்தி இல்லையாதலால் அவை தொட்டியில் அகப்படுவதில்லை. குறைவு மட்டுமே கணக்கில் தெரியும்.

அந்தக் குறைவை எந்தத் தூரத்தில் தேடுவது என்பதே பரிசோதனையின் உயிர். யப்பானின் காம்லாண்ட் கருவிக்கும் அதைச் சூழ்ந்த அணுவுலைகளுக்கும் இடையிலான சராசரித் தூரம் சுமார் 180 கிலோமீற்றர், நேர்கோட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதன் முதற் பெறுபேற்றில், 145 நாட்களில் எதிர்பார்த்த ஏறத்தாழ 87 நிகழ்வுகளுக்குப் பதிலாக 54 மட்டுமே கிடைத்தன. சீனாவின் தாயா பே பரிசோதனை, நல்லூர்க் கோயிலிலிருந்து பொதுசன நூலகம் வரையுள்ள தொலைவிலும் குறைந்த, இரண்டு கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில், 2012இல் சுமார் 6 வீதக் குறைவைக் கண்டு வகைகளும் திணிவு நிலைகளும் எவ்வளவு கலக்கின்றன என்பதைக் குறிக்கும் மூன்று கலப்புக் கோணங்களில் மூன்றாவதை உறுதிசெய்தது. 2025 ஓகஸ்டில் தரவெடுக்கத் தொடங்கிய 20,000 தொன் ஜூனோ கருவி, இரண்டு அணுமின் நிலையங்களிலிருந்து சுமார் 53 கிலோமீற்றரில், அதாவது நமக்குக் கிளிநொச்சி இருக்கும் தூரத்தில், நிற்கிறது. அங்கே பெரிய அலைவின் பள்ளத்தின்மேல் சிறிய நெளிவுகளும் படிந்திருக்கும். அவற்றின் ஒழுங்கிலிருந்து மூன்று திணிவு நிலைகளில் எது பாரமானது என்று அறியலாம்.

குறைவு கண்ட இடமெல்லாம் அலைவு என்றும் எழுதிவிடாதீர்கள். 2011இல் அணுவுலைகளின் பாயத்தை, அதாவது அவை வெளிவிடும் எதிர்நியூத்திரினோக்களின் அளவை, மீளக் கணித்தபோது, மிகக் கிட்டிய தூரங்களிலேயே அளவீடுகள் சில வீதம் குறைந்து நின்றன. எதனோடும் ஒட்டாத நான்காவது நியூத்திரினோ ஒன்று இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. 2017இல் தாயா பே குழு, அந்தக் குறைவு எரிபொருள்களில் ஒன்றான யுரேனியம்-235இன் பங்கிலேயே பெரிதும் தங்கியிருப்பதைக் காட்டியதும், நான்காவது நியூத்திரினோவாயின் எல்லா எரிபொருளிலும் ஒரே வீதத்தில் குறைய வேண்டுமாதலால், சந்தேகம் கணிப்பீட்டின் பக்கம் திரும்பியது. கணிப்பீட்டை மட்டும் நம்பாது, கிட்ட ஒரு கருவியும் தூர ஒரு கருவியும் வைத்து ஒப்பிடுவது இதனாலேதான்.

அடுத்த பதிப்பில் அந்த வரியை "ஏற்றமற்றது, மிகச் சிறிய திணிவுடையது, மிக அரிதாகவே தாக்கம் புரியும்" என்று திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். மாதிரி வினாத்தாளில் இடமிருந்தால், காம்லாண்டின் 87, 54 என்ற எண்களைக் கொடுத்து, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைத் தற்செயல் ஏற்ற இறக்கமாகக் கொண்டால் இந்தக் குறைவு தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடுமா என்று கேளுங்கள். ஒன்பதின் பக்கத்தில் முப்பத்துமூன்றை வைத்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கணிகருவிகூடத் தேவைப்படாது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியன்