நான்காம் வகுப்புப் பெற்றோர் கூட்டம்: சனிக்கிழமை காலை 10 மணி

அனைவருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நம் பிள்ளைகளின் வகுப்பறையிலேயே கூட்டம். மதிப்பெண் பற்றி இல்லை. கோபம் வந்தால் அடங்குவது, தன் முறைக்குக் காத்திருப்பது, எடுத்த வேலையை முடிப்பது, இவற்றை வகுப்பில் எப்படிப் பழக்குகிறார்கள் என்று ஆசிரியை செய்து காட்டுவார்.

அதட்டி வரவைக்கிற பழக்கம் இல்லை இது. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயதுகூட ஆகும். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் "சும்மா உட்கார்" என்றால் போதாது, கூட இருந்து சொல்லித்தர வேண்டும்.

கூட்டம் நடக்கும்வரை வீட்டில்:

1. பிள்ளை கோபப்பட்டால் உடனே திட்டாதீர்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள். நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். பேச்செல்லாம் அப்புறம்.

2. பையை இரவே பிள்ளை அடுக்கட்டும். எதையாவது மறந்தாலும் நீங்கள் எடுத்து வைக்காதீர்கள்.

3. இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். படுக்கப்போகும் நேரத்தில் போன் வேண்டாம்.

மாங்காய் மண்டி வேலை, கம்பெனி ஷிப்ட் என்று வர முடியாதவர்கள் தாத்தா பாட்டியை அனுப்புங்கள். மாலையில் பிள்ளையோடு இருப்பவர்கள் அவர்கள்தானே, அவர்கள் வருவது ரொம்ப நல்லது.

வியாழன் இரவுக்குள் பிள்ளையின் பெயரோடு, யார் வருகிறீர்கள் என்று இங்கே பதில் போடுங்கள்.