மூன்றரை வட்டி

கோவில்பட்டி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு இந்த மாதம் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அக்காவும் குழந்தையும் போன வாரம் வந்துவிட்டுப் போனார்கள்.

போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். எனக்கும் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதியது. ஷிப்ட் முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு ஒரு போன் வந்தது. உன் பெயரைச் சொல்லி, "நீங்க அவரோட அம்மாதானே, கிரெடிட் கார்டு பணம் கட்டலை, நாலு நாளா போன் எடுக்கலை, உங்க நம்பரைத்தான் குடுத்திருக்கார்" என்றான் ஒரு பையன். உன் வயதுதான் இருக்கும். கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. ஆனால் அந்தக் குரலில் ஒரு அழுத்தம் இருந்ததே, அதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். கையில் இருந்த தோசைக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அன்றைக்கு இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ராத்திரி 7 மணிக்கு மேல் இப்படிக் கூப்பிடக்கூடாது, கடன் வாங்கியவரின் வீட்டு ஆட்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றெல்லாம் ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லியிருக்கிறது என்று டீச்சரம்மா பிறகு சொன்னார். தெரிந்துகொண்டேன். ஆனால் போன் வந்த நேரம் எனக்குப் பெரிதில்லை. நாலு நாளாக நீ போனை எடுக்காமல் ஒளிந்திருந்தாய் என்பதுதான் நெஞ்சில் குத்தியது.

மறுநாள் நான் அடம் பிடித்துக் கேட்ட பிறகு அந்த பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பினாய். 1,20,000 ரூபாய். இங்கிலீஷில் பொடி எழுத்தாக இருந்ததால் டீச்சரம்மா வாசித்துச் சொன்னார். மாதத்துக்கு மூன்றரை சதவீதம் என்று ஒரு வரி வந்தது. அவர் மேலே படித்துக்கொண்டே போனார். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். "அப்படின்னா மூணரை வட்டியா டீச்சர்?" என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஆமா, நூத்துக்கு மாசம் மூணரை ரூபா. வருஷத்துக்கு 42 சதவீதம்" என்றார்.

ராசா, உனக்கு அது சதவீதம். எனக்கு அது வட்டி. ஒரு வட்டி, இரண்டு வட்டி, ஐந்து வட்டி என்று எண்ணிப் பழகியவள் நான். நம் தெருவில் ஒருவர் மூன்றரை வட்டிக்குப் பணம் கொடுக்கிறார் என்றால் நீ அவர் வாசலை மிதிப்பாயா? ஏசி போட்ட இடத்தில் டை கட்டியவர் நீட்டிய அட்டை என்பதால் அது வட்டிக்காரர் பணம் என்று உனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

கணக்கைச் சொல்கிறேன், பேப்பரில் நீயும் போட்டுப் பார். 1,20,000-க்கு மூன்றரை வட்டி 4,200 ரூபாய். அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 756 ரூபாய். ஆக 4,956. குறைந்தபட்சம் கட்டினால் போதும் என்று பில்லில் போட்டிருக்கிற தொகை 6,000. நீயும் ஆறு மாதமாக அதைத்தான் கட்டி வந்ததாகச் சொன்னாய். அந்த 6,000-த்தில் கடனில் கழிவது 1,044 ரூபாய் மட்டும். அதோடு, பில்லை முழுசாகக் கட்டாமல் மிச்சம் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் வாங்கின அன்றையிலிருந்தே வட்டி ஓடுமாம். ஐம்பது நாள் வட்டியில்லை என்று சொன்னதெல்லாம் முழுசாகக் கட்டுகிறவர்களுக்குத்தான். நீ அந்த அட்டையில் பெட்ரோலும் போட்டிருக்கிறாய், ஓட்டலிலும் சாப்பிட்டிருக்கிறாய். ஒரு பரோட்டாவுக்கு எத்தனை மாதம் வட்டி கட்டினாயோ.

இதையெல்லாம் உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. அந்த பில்லில் என்னென்ன இருந்தது என்று நானும் பார்த்தேன். பாதி எங்களுக்காகச் செய்த செலவு. அக்கா வளைகாப்புக்கு எடுத்த பட்டு. போன தீபாவளிக்கு எனக்கு வாங்கி அனுப்பிய இரண்டு கதவு பிரிட்ஜ். "வட்டியே இல்லாத தவணைம்மா" என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். சைபர் வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டதாம். புராசசிங் கட்டணம் என்றோ, தள்ளுபடியை நிறுத்தியோ எங்காவது ஒரு மூலையில் அதை வாங்கிவிடுவார்கள். பிரிட்ஜை விற்றுவிடலாம் என்று அப்பா சொன்னார். நான் விடவில்லை. விற்றால் பாதி விலைகூடக் கிடைக்காது. அதுவும் என் பிள்ளை வாங்கிக் கொடுத்தது.

இப்போது உனக்குப் பாதிதான் தெரிந்த கதையைச் சொல்கிறேன்.

2008 ஆடியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டு போனோம். அப்போது காப்பீட்டு அட்டை எல்லாம் கிடையாது. அரசாங்கத் திட்டம் அடுத்த வருஷம்தான் வந்தது. கையில் இருந்தது போக இன்னும் 40,000 வேண்டியிருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக ஐந்து வட்டிக்கு வாங்கினேன். மாதம் 2,000 ரூபாய் வட்டி. தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் தீக்குச்சி அடுக்கி சனிக்கிழமைதோறும் நான் வாங்கிய சம்பளம் அறுநூறைத் தாண்டாது. அப்பா ஆறு மாதம் வேலைக்குப் போகவில்லை. நான் அடுக்கிய குச்சியெல்லாம் வட்டிக்கே போயிற்று.

31 மாதம் கட்டினேன். 62,000 ரூபாய். அசல் 40,000 அப்படியே நின்றது. கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. எங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும், ஆபத்துக்குக் கொடுத்தவர் மேல் புகார் கொடுக்க வாய் வந்திருக்காது.

ஒரு மாதம் தவறினால் சாயங்காலம் ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். ஒன்றும் பேச மாட்டார். தண்ணீர் வாங்கிக் குடிப்பார், தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவரையும் பார்ப்பார்கள், நம் வீட்டையும் பார்ப்பார்கள். உனக்கு அப்போது ஒன்பது வயது. "அம்மா இல்லைன்னு சொல்லுடா" என்று உன்னை வாசலுக்கு அனுப்பிவிட்டு, நான் அடுக்களையில் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். நீ போய்ச் சொல்லிவிட்டு வந்து என் முகத்தையே பார்ப்பாய். பொய் சொல்லக்கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்பே கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், ராசா. போன் அடிக்க அடிக்க எடுக்காமல் இருக்க உனக்கு நான்தான் கற்றுக் கொடுத்தேனோ என்று செவ்வாய்க்கிழமை ராத்திரி முழுக்க யோசித்தேன்.

2011 பங்குனியில் எட்டயபுரம் ரோட்டில் வாங்கிப் போட்டிருந்த இரண்டு சென்ட் இடத்தை 55,000-க்கு விற்று அசலை அடைத்தோம். இன்றைக்கு அந்தப் பக்கம் நடந்து போகக்கூட எனக்கு மனசு வராது. அசல் தீர்ந்த அடுத்த வாரமே தபால் ஆபீசில் மாதம் 300 ரூபாய் கட்டுகிற சேமிப்பு, ஒரு ஆர்.டி. போட்டேன். அதற்கு முன்னால் சீட்டுதான் போட்டுக்கொண்டிருந்தேன். சீட்டுப் பிடித்தவள் ஒரு நாள் ராத்திரி ஊரைவிட்டே போய்விட்டாள், பதிவு செய்யாத சீட்டு, யாரைக் கேட்பது? ஆர்.டி. ஐந்து வருஷத்தில், 2016இல் முடிந்தபோது 21,000-க்கு மேல் கையில் கொடுத்தார்கள். நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்தது அந்தப் பணத்தில். யாரிடமும் போய் நிற்காமல் உன்னைக் காலேஜ் வாசலுக்குக் கூட்டிப் போன அந்தக் காலையை நான் மறக்கவே மாட்டேன்.

2007இல் 50 காசு தீப்பெட்டியை ஒரு ரூபாய் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. நடுவில் பதினான்கு வருஷம். அரிசி ஏறியது, எண்ணெய் ஏறியது, பள்ளிக்கூட பீஸ் ஏறியது. பெட்டி விலை மட்டும் அசையவில்லை. பெட்டி விலை அசையாவிட்டால் எங்கள் கூலி எப்படி அசையும்? உன்னையும் அக்காவையும் வளர்த்ததெல்லாம் அந்தப் பதினான்கு வருஷத்துக்குள்தான். எப்படி முடிந்தது என்று நீ ஒரு தடவை கேட்டாய், நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

நீ எழுதி மிச்சம் வைத்த நோட்டுப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்து அதில் கணக்கு எழுதுவேன், இப்போதும் எழுதுகிறேன். தை மாதம் கரிசல் காட்டு உளுந்து வந்ததும் வருஷத்துக்கு வாங்கிவிடுவேன். மாசி, பங்குனியில் புளியும் வத்தலும். அந்தந்த நேரத்தில் வாங்கிக் காயவைத்துப் பத்திரம் பண்ணினால் ஐப்பசியில் கடைக்காரர் சொல்கிற விலைக்குத் தலையாட்ட வேண்டாம். ரேஷன் அரிசி இட்லிக்கு, நல்ல அரிசி சோற்றுக்கு. அக்கா வீட்டுக்குப் போக வர இலவச பஸ். கேட்டால் சின்ன விஷயமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு செலவை ஏழு நாள் முன்னாலேயே யோசித்து வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. குடும்பம் நடத்துகிற வேலை முழுக்க அதுதான்.

ஒன்றில் மட்டும் என்னைப் பார்த்து நடக்காதே. அந்த வட்டிக் காலத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் மிச்சம் பிடித்தேன். மத்தியானம் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கட்டை அடுக்குவேன். ஒரு நாள் ஆபீசிலேயே மயங்கி விழுந்தேன். ரத்தம் இல்லை என்று ஊசி, மருந்து, குளுக்கோஸ் என்று 1,800 ரூபாய் போயிற்று. மூன்று மாதம் கஞ்சி குடித்துப் பிடித்ததைவிட அது அதிகம். அதனால் சாப்பாட்டில் கை வைக்காதே. முட்டை சாப்பிடு, பழம் சாப்பிடு. ரூமில் நாலு பேர் சேர்ந்து குக்கர் வைத்துச் சமைத்தாலே பாதி குறையும். சனிக்கிழமை ராத்திரி வெளியே சாப்பிடுவதையும் அடியோடு விடச் சொல்ல மாட்டேன். மாதம் ஒரு தடவை போ, கையில் இருக்கிற காசுக்குப் போ. புது பைக் பேச்சை மட்டும் இப்போதைக்கு எடுக்காதே. கம்பெனி பஸ் ஒரகடம் வரைக்கும் வருகிறதே.

இப்போது நான் முடிவு பண்ணியிருப்பதைச் சொல்கிறேன். என் மூன்று பவுன் சங்கிலியை வங்கியில் வைக்கப் போகிறேன். விசாரித்துவிட்டேன், வருஷத்துக்கு 9 சதவீதம் என்கிறார்கள். நம் கணக்கில் முக்கால் வட்டி. 1,20,000-க்கு முதல் மாதம் 900 ரூபாய். நீ இப்போது வட்டிக்கும் ஜிஎஸ்டிக்கும் மட்டும் கட்டுவது 4,956. அந்தப் பணத்தை வாங்கி அன்றைக்கே கார்டு கடனை மொத்தமாக அடைத்துவிடு. அடைத்தாயிற்று என்று அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள். அட்டையை மூடச் சொல். நறுக்கிப் போட்டால் மட்டும் போதாதாம், கணக்கையே மூட வேண்டுமாம்.

சங்கிலி உனக்கு நான் கொடுக்கிற பரிசு இல்லை, ராசா. மாதம் 10,000 ரூபாய் ஏழாம் தேதிக்குள் அனுப்பு, நான் நகைக் கணக்கில் கட்டிவிடுகிறேன். டீச்சரம்மா கணக்குப்படி பதின்மூன்றாவது மாதம் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். 32,000 சம்பளத்தில் உன்னால் முடியும். அதோடு மாதம் 500 ரூபாய்க்குத் தபால் ஆபீசில் உன் பெயரில் ஒரு ஆர்.டி. தொடங்கு. கடனே இருக்கும்போது சேமிப்பா என்று கேட்பாய். எல்லாவற்றையும் கடனுக்கே கொட்டிவிட்டால் அடுத்த காய்ச்சலுக்கும் அக்கா வீட்டு விசேஷத்துக்கும் மறுபடி அட்டையைத்தான் தேடுவாய். இப்படியே வருஷக்கணக்காக மாட்டிக்கொண்டவர்களை எங்கள் ஆபீசில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேரப்பிள்ளைக்கு மொட்டை போடுவதற்கு மாமன் முறை செய்ய வேண்டும் என்று கவலைப்படாதே. அக்காவிடம் பேசிவிட்டேன். "தம்பி வந்து மடியில வச்சுக்கிட்டா போதும்மா" என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் யாராவது ஏதாவது சொன்னால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை நகையை வெளியே கொண்டு போகக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் நாளைக்கு இல்லாமல் அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் போகிறோம். அன்றைக்கு நீ ஷிப்டில் இருந்தாலும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள், பணம் ஏறியதும் கூப்பிடுவேன். உளுந்து இரண்டு கிலோவும் வத்தலும் கட்டி வைத்திருக்கிறேன், ஊரிலிருந்து யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

அந்தப் பையன் நேற்றும் கூப்பிட்டான். எடுத்தேன். "அம்மாதான் பேசுறேன், இந்தச் செவ்வாய் போய் அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள்ள பணம் வந்துரும்" என்று சொன்னேன். சரிங்கம்மா என்று வைத்துவிட்டான். இனி அவன் உன்னைக் கூப்பிட்டால் நீயும் எடுத்துப் பேசு.

இப்படிக்கு,
அன்புடன் அம்மா.