ஃபெஞ்சல் வெள்ளத்துக்கு அப்புறம் நம்ம மாரியம்மன் கோயில் திருப்பணி: தலைக்கட்டுக்காரங்களுக்கு கமிட்டி அறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். ஊத்தங்கரை பக்கத்து நம்ம கோயில் வேலை முடிஞ்சு, அஷ்டபந்தன மருந்து சாத்தி, கும்பாபிஷேகமும் ஆயிடுச்சு. வரவு செலவு பில்லோட நோட்டுல இருக்கு, மண்டபத்துக்கு வந்து யார் வேணா புரட்டிப் பாக்கலாம். ஆனா நெறைய பேர் கேக்குறது, "கோபுரத்துக்கு பெயிண்ட் அடிக்காம மதில இடிச்சுக் கட்ட எதுக்குய்யா அவ்ளோ பணம்"னு. அதுக்குத்தான் இத எழுதுறோம்.

2024 நவம்பர் 30 ராத்திரி புயல் பாண்டிச்சேரி கிட்ட கரை ஏறுச்சு, நமக்கென்ன கடலா இருக்குன்னு படுத்துட்டோம். அது என்னடான்னா கரை ஏறியும் நகராம அங்கயே நின்னுட்டு, வலு கொறஞ்சு மெல்ல மேக்க வந்து நம்ம தலையில கொட்டுச்சு. டிசம்பர் 2 காலையில அளந்தப்ப ஒரே நாள்ல ஊத்தங்கரையில 50 செ.மீ., அரூர்ல 33. ஏரி ரொம்பி வழிஞ்சு கோடி போயி ரோட்டுல நின்ன வேன் காரெல்லாம் உருட்டிட்டுப் போனத தமிழ்நாடே டிவில பாத்துச்சு.

கோடித்தண்ணி போற வாய்க்கா கோயிலுக்கு வடக்கால. போன திருப்பணியில அது மேலயே மதில ஏத்திட்டு ரெண்டு சிமெண்ட் பைப் மட்டும் விட்டோம் (இத எழுதுற நான் அப்பவும் கமிட்டில இருந்தேன், ஒத்துக்கிறேன்). பைப்புல முள்ளும் வாழ மட்டையும் அடைச்சு, தண்ணி மடைப்பள்ளி வழியா புகுந்து அம்மன் பீடம் வரைக்கும் நின்னுச்சு. வண்டல் மட்டும் 11 டிராக்டர் லோடு அள்ளுனோம். உற்சவர ரெண்டு பசங்க இடுப்பளவு தண்ணில தலமேல தூக்கிட்டுப் போயி ஸ்கூல்ல வச்சாங்க. அவனுங்களுக்குப் பரிவட்டம் கட்டுனத சிலர் கொற சொன்னீங்க, கமிட்டிக்கு அதுல வருத்தமே இல்ல.

அதனால இந்தத் தடவ மதில 6 அடி உள்ள தள்ளிட்டோம், வாய்க்காவ பொக்லைன் விட்டு பழைய அகலத்துக்கு எடுத்தாச்சு, மடைப்பள்ளி தரைய 2 அடி ஒசத்தியாச்சு. வெளிப்பிரகாரம் சின்னதாயிடுச்சுன்னா ஆமா, சின்னதாயிடுச்சுதான், அந்த எடம் மொதல்லயே நம்முது இல்ல, தண்ணியோடது. கடைகால் எடுக்கும்போது ஊத்து கெளம்பி ஒரு மாசம் மோட்டார் போட்டு எறச்சதுலதான் செலவு எகிறுச்சு, அந்த டீசல் பில்லும் நோட்டுல இருக்கு.

பாக்கி வேலை, பலிபீடத்துப் பக்கம் ஒடஞ்ச தளவரிசைக் கல்லு, ஆடிக்குள்ள மாத்திடுவோம். பெயிண்ட் அடுத்த வருசம் பாக்கலாம். ஐப்பசி மொத ஞாயிறு வாய்க்கா தூர் வாரணும், வீட்டுக்கு ஒருத்தர் மம்முட்டியோட வந்துடுங்க, வாழ மட்டைய அதுல கொண்டுவந்து போடுறவங்களும் சேத்துத்தான்.