முதலில் அந்தப் பெட்டியை மூடச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகள் விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளில் வயதுச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்க வேண்டும், முகத்தையோ அடையாள அட்டையையோ காட்டாத யாரையும் உள்ளே விடக் கூடாது என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. எனக்கும் 14 வயதில் ஒரு மகன் இருக்கிறான். போன வருடம், முன்பின் தெரியாத ஒருவர் அவன் விளையாட்டுக்குள் வந்து "உன் போட்டோ அனுப்பு" என்று மூன்று முறை கேட்டிருந்ததை நானே பார்த்தேன். அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் வாசகர் சொல்லும் அந்தச் சரிபார்ப்பை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். போதாததற்கு, 22 வருடங்களாக ஒரு மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமில் வேலை பார்க்கிறேன். இந்த இரண்டையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

மகனும் அவன் வகுப்பு நண்பர்கள் இருவரும் ஒரு விளையாட்டில் ஒரு வருடமாக ஊர் ஒன்றைக் கட்டி வருகிறார்கள். ஆற்றின் குறுக்கே ஒரு பாலம், அதுதான் அவர்களுடைய பெரிய வேலை. தூணை எங்கே நிறுத்துவது, எவ்வளவு உயரம் வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டே கட்டுவார்கள். இரண்டு மாதங்களுக்கு முன் ஒருநாள், அரட்டையைத் தொடர வேண்டுமானால் முகத்தைக் காட்டு என்று திரையில் வந்தது. மகன் எழுந்து போய்த் தலை சீவிக்கொண்டு வந்தான், பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கும் நாள் போல. கண்ணாடியைக் கழற்றச் சொன்னது, கழற்றினான். வெளிச்சம் போதவில்லை என்றது, நான் ஜன்னல் திரையை விலக்கிவிட்டேன். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, நேராகப் பார். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது. வயது 13-க்குக் கீழ் என்று வந்தது.

பையன் கொஞ்சம் சின்ன உருவம், அவ்வளவுதான். அவன் நண்பன் ஒருவனுக்கு மீசை அரும்பிவிட்டது. அவனை 18-க்கு மேல் என்று சொல்லிவிட்டது. மூன்றாவது பையனுக்கு மட்டும்தான் சரியான வயது வந்தது. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும் மூன்று பேரும் மூன்று வயதுப் பிரிவில் போய் விழுந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேச முடியாமல் போனது. அதைவிட அந்த மீசைப் பையனை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளைப் பெரியவர்களிடமிருந்து பிரிக்க வந்த சரிபார்ப்பு, 14 வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய்ப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டது. என் மகனிடம் போட்டோ கேட்ட ஆளும் அந்தப் பக்கத்தில்தானே இருப்பார்?

இந்தக் கருவி யாருடைய முகம் என்று பார்ப்பதில்லை. ஏராளமான முகங்களைக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள், அந்தப் பழக்கத்தில் ஒரு வயதை ஊகிக்கிறது. ஊகம் என்றால் சில வருடம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். 40 வயதுக்காரரை 43 என்று சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது. 12, 14, 16 என்று பிள்ளைகள் ஆளுக்கொரு வேகத்தில் வளரும் வயதில்தான் சட்டங்கள் எல்லாம் கோடு போட்டிருக்கின்றன. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கோடு 13 வயதில். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் சமூக வலைத்தளங்களுக்கு 16 என்று வைத்திருக்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அந்தச் சில வருடத் தவறுதான் எல்லாமே.

சரி, தவறாக வந்துவிட்டது, என்ன செய்வது? கீழே ஒரு பொத்தான் இருந்தது. அரசு வழங்கிய அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துப் பதிவேற்று என்றது. அட்டையை எடுத்து வரச் சொல்லி மகன் என்னைத்தான் கேட்டான். பீரோவைத் திறந்து அட்டையைக் கையில் எடுத்தும் விட்டேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

ஏன் என்று சொல்ல எங்கள் ரெக்கார்டு ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொரு கோப்பின் மேலும் அதை அழிக்க வேண்டிய வருடம் சிவப்பு மையில் எழுதியிருக்கும். அந்த வருடம் வரும், போகும், கோப்பு அதே அலமாரியில் இருக்கும். யாரும் சோம்பேறிகள் இல்லை. ஒரு கோப்பை அழிப்பதென்றால் அழிப்புப் பதிவேட்டில் பொறுப்பான ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு அதை யாராவது கேட்டு வந்தால் கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். அழிக்காமல் வைத்திருப்பதற்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் எல்லாம் அப்படியே இருக்கும். அட்மிஷன் நாளில் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்திருக்க வேண்டிய அடையாள அட்டைகளின் நகல்கள், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் வாங்கியவைகூட, இன்றைக்கும் அங்கே இருக்கின்றன.

ஒருமுறை பழைய கோப்புகளை ஸ்கேன் செய்ய வெளியே ஒருவருக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். 61 பெட்டிகளை எண்ணி, எழுதி, நான்தான் ஏற்றி அனுப்பினேன். திரும்பி வந்தவை 60. மூன்று வாரம் தேடினோம். கடைசியில் ஒப்பந்ததாரரின் குடோனில், வேறு யாருடைய பெட்டிகளுக்கோ அடியில், டேப் பிரிந்து கிடந்தது. உள்ளேயிருந்து எத்தனை தாள் போனது என்று இன்றுவரை எங்களால் கணக்குச் சொல்ல முடியவில்லை. அந்த நோயாளிகள் யாருக்கும் இது தெரியாது. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

2025 அக்டோபரில் டிஸ்கார்ட் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விளையாடுகிறவர்கள் கூடிப் பேசும் தளம் அது. சுமார் 70,000 பேருடைய அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்றது அந்த அறிவிப்பு. வாடிக்கையாளர் சேவைக்காக அமர்த்தியிருந்த வெளி நிறுவனம் வழியாகத்தான் போயின என்றும் சொன்னது. அந்தப் படங்கள் அவர்களிடம் எதற்காக இருந்தன? என் வயதைத் தவறாகக் கணித்துவிட்டீர்கள் என்று முறையிட்டவர்கள் அனுப்பியவை அவை. என் மகனுக்கு முன்னால் திறந்திருந்ததும் அதே மாதிரியான பக்கம்தான். கருவி தவறும், தவறினால் அட்டை கேட்பார்கள், அட்டைகள் குவியும், குவியல் ஒப்பந்ததாரர் கைக்குப் போகும். 61-ஆவது பெட்டியைத் தேடியவளுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. 2011-இல் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள் திருடு போனபோது, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்றாவது சொல்ல முடிந்தது. முகத்தையும் பிறந்த தேதியையும் என் மகன் எதைக் கொண்டு மாற்றுவான்?

தென் கொரியா இந்த வழியில் நமக்கு முன்னாலேயே போய்ப் பார்த்த நாடு. பெரிய இணையதளங்களில் எதை எழுதுவதானாலும் உண்மைப் பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்று 2007-இல் விதி கொண்டுவந்தார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் 13 இலக்கத்தில் ஒரு பதிவு எண் உண்டு, அதைத்தான் தளங்கள் வாங்கி வாங்கிச் சேர்த்தன. 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு ஆகிய தளங்களிலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. நாட்டின் மக்கள்தொகையே 5 கோடி அளவில்தான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அதே நாட்டில், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் விளையாட்டு விளையாடக் கூடாது என்ற சட்டமும் 2011-இல் வந்தது. பிள்ளைகள் அப்பா அம்மாவின் பதிவு எண்ணைப் போட்டு விளையாடினார்கள். பத்து வருடம் கழித்து அதையும் கைவிட்டார்கள். பிரிட்டனில் 2025 ஜூலையில் வயதுச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்ததும், ஒரு விளையாட்டுக் கதாபாத்திரத்தின் முகத்தைக் கேமராவுக்குக் காட்டியே சிலர் உள்ளே போனார்கள். என் மகனும் சும்மா இருக்கவில்லை. "அக்கா முகத்தைக் காட்டிடலாமேம்மா" என்றான். அவளுக்கு 19 வயது. பொய் சொல்லாத பிள்ளைக்கு அன்று அதைக் கற்றுக்கொடுத்தது அந்தத் திரைதான், எனக்கு அதில்தான் அதிக வருத்தம்.

அன்று மாலை நடந்ததில் இன்னொன்றும் இருக்கிறது. முகத்தைக் காட்டச் சொன்ன அதே திரையின் ஓரத்தில் ஒரு தங்க நிறப் பெட்டி துள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கித் திறந்தால்தான் தெரியும். அதன் கீழே நேரம் ஓடியது: இன்னும் 1 மணி 52 நிமிடம், இன்னும் 1 மணி 51 நிமிடம். இவன் 13-க்குக் கீழே உள்ள குழந்தை என்று அந்த விளையாட்டே முடிவுக்கு வந்தது. வந்த பிறகும் பெட்டி துள்ளிக்கொண்டுதான் இருந்தது. நண்பர்களோடு பேசுவதை நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு, குழந்தைக்கு முன்னால் ஆடும் அந்தப் பெட்டியை நிறுத்தத் தெரியவில்லை. குழந்தையின் வயது எதற்காகத் தேவைப்பட்டது என்று அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அரசு கை வைக்க வேண்டியது இந்தப் பெட்டியில்தான். வைக்க முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் சில விளையாட்டுகளில் இருந்த இப்படிப்பட்ட பெட்டிகளைச் சட்டவிரோதச் சூதாட்டம் என்றே அறிவித்தது. அதற்கு ஒரு குழந்தையின் முகமும் தேவைப்படவில்லை. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் மீதான வழக்கு 52 கோடி டாலரில் முடிந்தது. அதில் 27.5 கோடி, குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் சேர்த்ததற்கு. மீதி, விளையாடுகிறவர்களுக்குத் திருப்பித் தர. உறங்கிக்கிடந்த விளையாட்டை எழுப்ப ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே பொருளை வாங்கிவிடும்படி வைத்திருந்தார்கள் என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் எடுத்துக் காட்டியது. குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் அரட்டை தொடக்கத்திலேயே அணைந்திருக்க வேண்டும் என்றும் உத்தரவானது. என் மகனிடம் போட்டோ கேட்டவரைத் தடுக்க அந்த ஒன்று போதுமே! தெரியாதவர் அனுப்பும் செய்தி எல்லோருக்கும் அணைந்தே இருக்கட்டும், வேண்டும் என்கிற பெரியவர் திறந்துகொள்ளட்டும்.

வயதைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கணக்கைத் தொடங்கிய நாளிலேயே மகனின் பிறந்த தேதியை உண்மையாகக் கொடுத்தேன், பெற்றோர் என்ற இடத்தில் என் மின்னஞ்சலையும் வைத்தேன். அவனுக்கு 14 ஆகிறதா என்று என்னிடம் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் ஒரு மாதிரிச் செயலியை வெளியிட்டது. பெயர், முகம், பிறந்த தேதி எதையும் தளத்துக்குக் கொடுக்காமல், 18 முடிந்துவிட்டது என்பதை மட்டும் அது சொல்லும். தளத்தின் கையில் எதுவும் சேராது. சேர்ந்தால்தானே களவு போவதற்கு?

கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்றால், அழிப்புப் பதிவேட்டையும் சேர்த்துச் சட்டமாக்குங்கள். சரிபார்த்து முடிந்ததும் விவரங்களை அழித்துவிட வேண்டும் என்று ஆஸ்திரேலியச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள், நல்லது. சிவப்பு மையில் நாங்களும்தான் எழுதுகிறோம். அழித்ததற்கு இன்ன அதிகாரி இன்ன தேதியில் கையெழுத்திட்டார் என்று இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் சொல்லாமல் வந்து அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும், அழிக்காமல் வைத்திருந்தால் தண்டனை என்று வர வேண்டும். ஒப்பந்ததாரரிடம் போகும் பெட்டிக்கும் இதே கணக்கு.

அடையாள அட்டையை அன்றே பீரோவில் திரும்ப வைத்துவிட்டேன். மகன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. முறையீட்டுப் பக்கத்தில் என் மின்னஞ்சலிலிருந்து விளக்கமாக எழுதினேன். அட்டையைப் பதிவேற்றவும் என்ற அதே வரி இரண்டு முறை பதிலாக வந்தது. பிள்ளைகள் இப்போது தூண் எங்கே வர வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து முடிவு செய்துகொண்டு, மாலையில் ஒரு வார்த்தை பேசாமல் பாலத்தைக் கட்டுகிறார்கள். அக்கரைக்கு இன்னும் இரண்டு தூண் பாக்கி இருக்கிறதாம்.

மகன் பள்ளியில் படிப்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி