அந்தப் பெட்டியில் மீதி இருப்பவை

அம்மாடி,

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்தாயிற்று. இடது கண்ணை அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். அண்ணன் வேலை மாறிவிட்டான், அதை அவனே உனக்குச் சொல்லியிருப்பான். இவ்வளவுதான் செய்தி.

மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை இருக்கும். அதைக் கேட்க நான் இதை எழுதவில்லை. தோட்டா விஷயமாகத்தான் எழுதுகிறேன். வேட்டை சீசன் முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். ரைபிளைத் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாய் என்றும் சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் துருவிக் கேட்கவில்லை.

மறுபடி எடுக்கும்போது குண்டை மாற்றிவிடு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 160 கிரெயின் எடை, நடுவில் தடுப்பு வைத்தது, அல்லது ஈயமும் உறையும் ஒன்றாகப் பிணைத்தது. அது இல்லையென்றால் முழுச் செம்பு, 140 கிரெயின். இந்த மூன்றில் எது கிடைத்தாலும் சரி. அந்தப் பழைய தோட்டாப் பெட்டியைத் தொடாதே.

காரணம் சொல்கிறேன். உன் கையில் இருப்பது 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம். 1962-இல் வந்ததிலிருந்து அதன் வேகத்துக்காகத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். 140 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 9 கிராம், நொடிக்கு 945 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. தூரத்தில் அதிகம் தாழாது, காற்று அதிகம் தள்ளாது. 300 மீட்டரில் நிற்கும் எல்க் மானை ஸ்கோப்பில் பார்க்கும்போது இதைவிட நிம்மதி வேறில்லை. ஆனால் எல்க் நமக்காக 300 மீட்டரில் நிற்பதில்லை. புதரை விலக்கினால் 30 மீட்டரில் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கும். அங்கே குண்டு ஏறக்குறைய கிளம்பின வேகத்திலேயே போய் மோதுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. அந்த மோதலை மான் தாங்குவது போலக் குண்டும் தாங்கியாக வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், குண்டு வாங்கும்போது நீ சுடக்கூடிய கடைசித் தூரத்தை நினைக்காதே, கிட்டத்தை நினை. விற்கிறவர்கள் அட்டையில் போடுவதெல்லாம் தூரத்துக் கணக்குதான்.

சாதாரணக் குண்டு மெல்லிய செம்புக் கலவை உறைக்குள் அழுத்திச் செருகிய ஈயம், அவ்வளவுதான். இரண்டையும் பிடித்து வைக்க ஒன்றும் கிடையாது. நொடிக்கு 700 மீட்டர் வேகத்தில் மோதினால் அழகாக வேலை செய்யும். மூக்கு மலர்ந்து, ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமாகி, உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 900-க்கு மேல் முன்சப்பை எலும்பில் பட்டால் உறை கிழிந்து ஈயம் பொடியாகிறது. தோலுக்கு வெளியே பார்த்தால் கையகலக் காயம். நுரையீரல் வரை போய்ச் சேர மிச்சம் ஒன்றும் இருக்காது. மான் முட்டிபோட்டு விழும், எழும், ஓடும். முதல் 50 அடிக்கு ரத்தம் கொட்டியிருக்கும். பிறகு இலைக்கு ஒரு சொட்டு. பிறகு அதுவும் இல்லை.

உனக்கு இதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இது உன்னோடு தொடங்கியது இல்லை, அதைச் சொல்லத்தான் வருகிறேன். 1946-இல் ஜான் நோஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்கிற பெரிய மான் ஒன்றைச் சுட்டார். .300 ஹாலண்ட் மேக்னம், சின்னத் துப்பாக்கி இல்லை. மூஸின் தோலில் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. குண்டுகள் உள்ளே போகாமல் மேலேயே உடைந்தன. மனிதர் வீட்டுக்கு வந்து லேத்தில் உட்கார்ந்தார். குண்டின் நடுவே ஒரு செம்புச் சுவர் விட்டு, முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி, இரண்டிலும் ஈயம். முன்பாதி மலர்ந்து சிதறினாலும் சுவருக்குப் பின்னால் இருப்பது கலையாமல் எலும்பைத் தாண்டிப் போகும். பொதுவாக எடையில் மூன்றில் இரண்டு பங்காவது மிஞ்சும். 1948-இல் விற்பனைக்கு வந்தது, இன்றைக்கும் விற்கிறது. ஒரு தடவை தோற்றவர் உட்கார்ந்து யோசித்துச் செய்த பொருள் அது. அதனால் எனக்கு அதன் மேல் தனி மதிப்பு.

பிணைத்த குண்டு வேறு வழி: உறையோடு ஈயத்தை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள், கிழிந்தாலும் பிரியாது. முழுச் செம்பு 1989-இல் பார்ன்ஸ் எக்ஸ் என்று வந்தது. ஈயமே கிடையாது, நான்கு இதழாக விரியும், எடை அநேகமாகக் குறையவே குறையாது. அதனால்தான் அதில் ஒரு படி இலேசானதை எடுத்தாலும் போதும் என்கிறேன். செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். மிக நீளமானது எல்லாக் குழலிலும் நேராகச் சுழலாது. இன்னொன்று, விரிய அதற்கு வேகம் வேண்டும். நொடிக்கு 600 மீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் சிலது ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும். நீ சுடுகிற தூரத்துக்கு அந்தக் கவலை இல்லை. முழுச் செம்புக்கு மாறுவதாக இருந்தால் குழலில் படிந்த பழைய கறையைச் சுத்தமாக எடுத்துவிட்டு, 100 மீட்டரில் குறியைத் திரும்பச் சரிபார்.

பேரனையும் யோசி. உடைகிற குண்டின் ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் காயத்தைச் சுற்றிலும் இறைச்சிக்குள் போய்விடுகிறது, எக்ஸ்ரேயில் பார்த்தால் நட்சத்திரம் தூவியது போல இருக்கும். விட்டுவிட்டு வருகிற குடலைத் தின்று கழுகுகள் செத்ததால்தான் கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது என்றாக்கினார்கள். சின்னப் பிள்ளை சாப்பிடுகிற வீடு உன்னுடையது.

நீ சுட்ட இடம் தப்பாக இருக்காது. 14 வயதில் குப்புறப் படுத்து மூன்று குண்டு போட்டாய், மூன்று ஓட்டையையும் என் கட்டைவிரலால் மூடிவிட முடிந்தது. அந்தக் காகிதம் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. உன் கையை நான் சந்தேகப்பட்டதே இல்லை. ஆனால் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். ரைபிளைக் கொண்டுபோன பிறகு இத்தனை வருஷத்தில் எந்தக் குண்டு போடலாம் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்கிறாய். நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன்.

மேலே உள்ள பத்தியை எழுதிவிட்டு எழுந்து போய், திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன், அம்மா.

உனக்கு 11 வயது. பாறைக்குப் பக்கத்தில் லாந்தரை வைத்துக்கொண்டு இரு, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒரு சத்தம் கேட்டிருப்பாய். இருட்டினதும் வந்து, குறி தப்பிவிட்டது என்று சொன்னேன். தப்பவில்லை. 40 மீட்டர் கூட இருக்காது, சப்பையில்தான் பட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் கத்தரித்த மாதிரி முடிக்கற்றை கிடந்தது. நகத்தளவு எலும்புத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ரத்தத்தைப் பிடித்துக்கொண்டே இருட்டும் வரை போனேன். ராத்திரி மழை. விடிந்ததும் திரும்பப் போயிருக்க வேண்டும். போனால் உன் அம்மா ஏன் என்று கேட்பாள். போகவில்லை.

என் சட்டைக் கையில் ரத்தம் இருந்ததைப் பார்த்தாய். முள் கிழித்தது என்றேன். நீ பஞ்சும் தண்ணீரும் கொண்டுவந்து என் கையைத் துடைத்தாய். துடைத்து முடித்தபோது கையில் காயமே இல்லை. நீ ஒன்றும் பேசாமல் பஞ்சைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாய். அதை நீ மறந்திருக்கலாம்.

நீ சுட்டது அதே பெட்டி. மூடிக்கு உள்ளே பென்சிலால் ஒரு தேதி எழுதியிருக்கும், தோட்டா நிரப்பிய தேதி என்று நினைத்திருப்பாய். அது அந்த நாள். தெரிந்தேதான் ரைபிளோடு சேர்த்துக் கொடுத்தேன். காகிதத்தில் அதைப்போலக் கூட்டமாக விழும் தோட்டா என்னிடம் வேறு இல்லை. அதிகபட்சம் போகக்கூடிய வெடிமருந்தை ஒவ்வொன்றாக நிறுத்து நான் நிரப்பியது. அப்பா எவ்வளவு சுத்தமாக நிரப்பியிருக்கிறார் என்று நீ சொல்ல வேண்டும் என்று ஆசை. காகிதத்துக்கு எலும்பு இல்லை என்பது எனக்குத் தெரியாதா?

நீ இரண்டு நாள் தேடினாயாம், மூன்றாம் நாளும் போகிறேன் என்று நின்றாயாம். உன் அம்மா சொன்னாள். நான் ஒரு சாயங்காலம் தேடினேன்.

பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதே, மருந்து நிரப்பியது ஆபத்து. அப்படியே தனியாக வைத்திரு, நான் வரும்போது ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறேன். புதுக் குண்டுக்கு நிரப்பும்போது மருந்தைக் குறைவாகவே தொடங்கிப் பார்த்துப் பார்த்து ஏற்று. வேகத்தில் கொஞ்சம் குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும். உனக்கு இந்த வருஷம் மனசில்லை என்றால் அடுத்த வருஷம். அப்புறமே வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தமில்லை.

அம்மா கூப்பிடுகிறாள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை போனை நான்தான் எடுப்பேன். எடுத்ததும் அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லிவிடாதே.

அப்பா

பி.கு.: 160 கிரெயின். எங்கேயாவது எழுதி வைத்துக்கொள். செம்பு என்றால் 140.