ஒரு ‘ஆல்’ உருபைப் பற்றி, மருத்துவப் பக்க ஆசிரியர்களுக்கு

வணக்கம்.

“இரவு விளக்கால் குழந்தைக்குக் கிட்டப்பார்வை.” போன வாரம் நீங்கள் போட்ட தலைப்பு. என் அக்கா அதைக் கத்தரித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். அவளுடைய ஐந்து வயது மகனுக்குப் போன மாதம்தான் கண்ணாடி போட்டார்கள். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது, ராத்திரியில் பால் கொடுக்க எழ வேண்டுமே என்று சின்ன விளக்கை அணைக்காமல் வைத்திருந்தாள். “நான்தான் அவன் கண்ணக் கெடுத்துட்டேன்” என்று இப்போது அழுகிறாள். இரண்டாவது குழந்தையை இருட்டில் தடவித்தான் தூக்குகிறாள். முந்தாநாள் கட்டில் காலில் இடித்துக்கொண்டு, குழந்தையோடு விழப் பார்த்தாள்.

நீங்கள் சொன்ன ஆய்வு 1999இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. இரண்டு வயதுக்குள் இருட்டில் தூங்கிய குழந்தைகளில் 10 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை. சின்ன விளக்கு எரிந்த அறையில் தூங்கியவர்களில் 34 சதவீதம். இது காரணத்தை நிறுவவில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். 2000இல் அதே இதழில் வேறு இரண்டு குழுக்கள், தேடிப் பார்த்தும் அந்தத் தொடர்பே கிடைக்கவில்லை என்றன. கிட்டப்பார்வை உள்ள பெற்றோர்தான் விளக்கை அதிகம் எரியவிடுகிறார்கள் என்பதும் அப்போது தெரிந்தது.

அக்கா ஏழாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறாள். அதைக் கழற்றினால் தொட்டிலே மங்கல். விளக்கு எரிந்ததும் அந்தக் கண்ணால்தான். மகனுக்குக் கண்ணாடி வந்ததும் பெரும்பாலும் அவளிடமிருந்து பரம்பரையாகத்தான். விளக்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

இரண்டு சேர்ந்து வந்தால் “தொடர்பு” என்று எழுதுங்கள். ஒன்றால் மற்றது வந்தது என்று தெரிந்தால் மட்டும் “ஆல்” போடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

கண்ணோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. ரத்தத்தில் பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கிற சத்து) அதிகம் இருப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டின. சரி, மாத்திரையாகவே கொடுத்துப் பார்ப்போம் என்று பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. தொடர்பைக் காரணமாக நம்பி மாத்திரை விழுங்குகிறவர்கள் உங்கள் வாசகர்களும்தானே?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இனி எந்த ஆய்வைப் போட்டாலும், சோதித்துப் பார்த்ததா, கவனித்து எண்ணியது மட்டுமா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். தெரியாத இடத்தில் “ஆல்” வேண்டாம். அப்புறம், அந்தத் தலைப்புக்கு ஒரு திருத்தம், அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போட்டுவிடுங்கள். அதையும் கத்தரித்து அக்காவின் தலைமாட்டில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்தை விடாமல் படிக்கும் ஒரு தம்பி