பெயர்ப் புத்தகத்துக்கும் நினைவு அறைக்கும் நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

போன ஆனியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் ஒரு பாட்டி தவறிப்போனார். கருமாதி முடிந்து வீட்டைக் காலி செய்தபோது பேரன் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினான். உள்ளே சேலைத் துணியில் சுற்றிய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருந்தன. கோத்தகிரி மழையும் பனியும் பழகியவர்களுக்குத் தெரியும், இங்கே காகிதம் என்ன பாடுபடும் என்று. பூசணம் பிடித்து, பக்கங்கள் நமுத்த அப்பளம் போல ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கத்தி முனையால் மெல்லப் பிரித்தும் பாஸ்போர்ட்டில் இருந்த படம் கிழிந்துவிட்டது. அம்மாவின் முகம் ஒரு பக்கத்தோடு வந்தது, மடியில் இருந்த குழந்தை மறுபக்கத்தோடு போயிற்று. அந்தக் குழந்தைதான் இன்று எங்கள் குழுவின் பொருளாளர்.

இப்படிப்பட்ட தாள்களைக் காக்க நினைவு அறை கட்டும் பேச்சும், எங்கள் ஆட்களின் பெயரையும் கதையையும் எழுதி வைக்கும் பெயர்ப் புத்தகத்தின் பேச்சும் அன்று இரவு அந்த வீட்டுத் திண்ணையில்தான் தொடங்கின.

வெளியூர் அன்பர்களுக்குக் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும். நாங்கள் இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்கள். நீலகிரியில் எங்களைச் சிலோன்காரர்கள் என்பார்கள். அகதிகள் என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால் இன்னும் அந்தப் பேச்சு வரும். நாங்கள் அகதிகள் அல்ல. இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டுப் பிரித்துக்கொண்ட ஆட்கள்.

இலங்கைக் குடியுரிமைச் சட்டம் 1948 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முந்திய தலைமுறையும் அந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று கொண்டு வா என்றது. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறையில், பிறந்தவருக்குச் சான்று எழுதிக் கொடுத்தது யார்? அதிலிருந்து 25 நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்று ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தில் எழுதியது. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது அதற்கு முந்தின நாள். உலகம் எழுதிக்கொண்டிருந்த அதே மாதத்தில் எங்கள் ஆட்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனார்கள், நாடற்றவர்களாக. மறுவருடம் ஓட்டுரிமையும் போயிற்று.

1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-இல் அவர்களையும் பாதிப் பாதியாக்கினார்கள். ஆட்டுப்பட்டியைப் பங்கு பிரித்தாலும் தாயையும் குட்டியையும் ஒரு பக்கம் விடுவார்கள். இங்கே அப்பனுக்கு இந்தியா, கட்டிக்கொடுத்த மகளுக்கு இலங்கை. கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் அம்மாக்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. இதில் கொழும்புக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு டெல்லிக்கும் உண்டு. அதைப் புத்தகத்தில் பூசி மெழுக மாட்டோம்.

‘ராமானுஜம்’ கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, எங்கெங்கோ அனுப்பப்பட்டு, கடைசியில் தெரிந்த தொழிலையும் குளிரையும் தேடி இந்த மலைக்கு ஏறியவர்கள் ஏராளம். எங்களைக் குடியமர்த்த 1968-இல் வனத்துறை இங்கே தேயிலை நடத் தொடங்கியது. 1976-இல் அது டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. பெரும்பாலோருக்குச் சோறு போட்டது அந்தச் செடிதான்.

இனப்படுகொலை என்ற சொல்லைப் புத்தகத்தில் போடலாமா என்று குழுவில் இரண்டு கூட்டம் வாக்குவாதம் நடந்தது. நாடு பறித்ததும் கொலைதான் என்றார் ஒருவர். செத்தவர்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள், நாங்கள் உயிரோடு வந்து சேர்ந்தோம் என்றார் ஒரு அக்கா. அவருடைய அண்ணன் கப்பல் ஏறவில்லை. 1977 ஆகஸ்டில் இலங்கைத் தோட்டங்களில் கலவரக்காரர்கள் புகுந்து அடித்தபோது பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள், அவரும் போனார். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை. போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த குழு 2011-இல் எழுதியது. அந்த 40,000-இல் இவருடைய அண்ணன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அக்கா பேசி முடித்த பிறகு வாதம் ஓய்ந்தது. அவரவர் கண்டதை அவரவர் சொல்லிலேயே எழுதுவது, குழு தன் சொல்லைத் திணிக்காது என்று தீர்மானம் போட்டோம்.

இதுவரை 41 பேரின் பேச்சைப் பதிவு செய்திருக்கிறோம். 1983 ஜூலைக் கலவரம் பதுளைக்கு வந்த அன்று, பேக்கரி வைத்திருந்த ஒரு சிங்களவர் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததால் பிழைத்த ஒரு தாத்தா இருக்கிறார். “எங்கள அடிச்சவன எழுதுங்க, அவரயும் எழுதுங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார். வடக்கிலிருந்து முஸ்லிம்களை 1990 அக்டோபரில் புலிகள் வெளியேற்றியதும் ஒரு பதிவில் வருகிறது. அதை வெட்டச் சொன்ன நன்கொடையாளர் ஒருவரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இனி பணக் கணக்கு. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் பாழடைந்து கிடக்கும் பழைய பிள்ளைக் காம்பராவை (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட கட்டடத்தை)த் தந்திருக்கிறார்கள். கூரைத் தகடு, தளம், ஈரம் ஏறாத பலகைச் சுவர் எல்லாம் சேர்த்து ரூ.1,45,000. ஸ்கேனர், கம்ப்யூட்டர், இரும்பு பீரோவுக்கு ரூ.70,000. பெயர்ப் புத்தகம் 500 பிரதி அச்சடிக்க ரூ.95,000. ஆக ரூ.3,10,000. இதுவரை ரூ.84,300 சேர்ந்திருக்கிறது. பெரும்பகுதி லைன் வீடுகளில் இருந்து நூறும் இருநூறுமாக வந்தது. கூரையை மட்டும் தென்மேற்கு மழைக்கு முன் போட்டாக வேண்டும். மற்றவை தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள், லைன் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. பூட்டும் முன் பரணைப் பாருங்கள். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, அக்கரையிலிருந்து வந்த கடிதம், எது கிடைத்தாலும் கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்து அன்றே திருப்பித் தருவோம். ஒட்டியிருந்தால் தயவுசெய்து நீங்களாகப் பிரிக்காதீர்கள்.

ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 1 மணி வரை கோயில் திண்ணையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். மாதக் கடைசியில் வரவு செலவுக் கணக்கைக் கோயில் பலகையில் ஒட்டுகிறோம். பணத்துக்குப் பதில் இரண்டு நாள் தச்சு வேலையோ, சிமெண்டு மூட்டையோ தந்தாலும் அதற்கும் ரசீது உண்டு.

இங்ஙனம்,
நினைவு அறைக் குழுவினர்,
கோத்தகிரி வட்டாரம்